கழற்றிப்போட எத்தனை கிலோ?

அந்தமானின் ஹேவ்லாக் தீவில், முதுகில் காற்று சிலிண்டரோடு ஒரு டைவ் முடிந்து கடல்மட்டத்துக்கு வந்தபோது நல்ல அலை. படகு தள்ளிப் போயிருந்தது. பிசிடிக்கு, அதாவது மிதப்பதற்காகக் காற்று ஏற்றி இறக்கும் சட்டைக்கு, காற்று ஏற்றும் பட்டனை அமுக்கினால் சீறுகிறது, பை உப்பவில்லை. சரி, மூழ்குவதற்காக ஈயக்கட்டிகள் கோத்துக் கட்டியிருக்கும் வெயிட் பெல்ட்டைக் கழற்றிவிடலாம் என்று இடுப்பில் கையை வைத்தால் பக்கிளைக் காணோம். பிசிடியின் பட்டைக்கு அடியில் சிக்கி விலாப்பக்கம் நகர்ந்துபோயிருந்தது. சிலிண்டர் காற்றை வாய்க்குத் தரும் ரெகுலேட்டரையும் துப்பித் தொலைத்திருந்தேன். கூட வந்தவர் பிடித்துக்கொண்டதால் இரண்டு வாய் உப்புத்தண்ணீரோடு போயிற்று.

அன்று என்மேல் இருந்தது 8 கிலோ ஈயம். வெதுவெதுப்பான கடலில், 3 மில்லிமீட்டர் தடிப்புள்ள ரப்பர் சூட்டுக்கு!

மொத்த ஈயத்தையும் சட்டென்று உதறும்படி வைக்கணும் என்று சிலர் சொல்வதை நான் ஏற்பதில்லை. 20 மீட்டரில் பக்கிள் தானாகக் கழன்றால் பலூன் மாதிரி மேலே போவோம். அங்கே அழுத்தம் கடல்மட்டத்தைப் போல 3 மடங்கு; ஏற ஏற அது குறைந்து நுரையீரலில் உள்ள காற்று விரியும். மூச்சை அடக்கிக்கொண்டு ஏறினால் நுரையீரல் கிழியும். அதற்காக எதையுமே கழற்ற முடியாதபடி வைப்பதும் பைத்தியக்காரத்தனம். இறந்துபோன டைவர்கள் பலரை ஈயம் கழற்றாமலேதான் கண்டெடுத்திருக்கிறார்கள்.

என் கணக்கு இதுதான். 11 லிட்டர் அலுமினிய சிலிண்டரில் 200 பார் (அழுத்த அலகு) காற்று ஏறத்தாழ 2.6 கிலோ. 50 பாருக்கு இறங்கும்போது அதில் 2 கிலோ போயிருக்கும். ஆகவே கடைசியில், மேலே வருமுன் சற்று நிற்கும் 5 மீட்டரில், பிசிடி காலியாக இருக்கையில் ஏறாமல் இறங்காமல் நிற்கிற அளவுக்குத்தான் ஈயம் வேண்டும். அப்படியானால் டைவ் தொடங்கும்போது 2 கிலோ கனமாக இருப்போம். ஆழத்தில் சூட் நசுங்கி மிதப்பு குறைவதற்கு இன்னொரு கிலோ கனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிசிடி கிழிந்தாலும் காலில் மாட்டிய துடுப்பை அடித்து ஏற அந்த 3 கிலோ கழன்றால் போதும். தடித்த சூட் போடுகிறவர்களுக்கு இது பொருந்தாது, அவர்கள் தனியாகக் கணக்குப் போடணும்.

மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தவர்கள் கயிற்றில் கட்டிய கல்லில் காலை மாட்டி இறங்குவார்கள். அடியைத் தொட்டதும் கல்லை விட்டுவிட, படகில் இருப்பவர் அதை மேலே இழுத்துக்கொள்வார். இறங்க மட்டும்தான் கனம். நமக்கோ அடியில் முக்கால் மணி நேரம் நிற்கணுமே, அதனால்தான் இந்தத் தலைவலி.

இப்போது எனக்கு மொத்தமே 4 கிலோ. 3 பெல்ட்டில், 1 சிலிண்டர் பட்டையில். பெல்ட்டைக் கடைசியாக, எல்லாப் பட்டைக்கும் மேலே கட்டுகிறேன். குதிப்பதற்கு முன் கூட வருகிறவரின் கையைப் பிடித்து என் பக்கிளில் வைக்கிறேன். படகில் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.