சோமாலியருக்கு எழுத்தைத் தந்தது ஐரோப்பியரா?

“வெள்ளைக்காரன் வருவதற்கு முன் சோமாலியருக்கு எழுத்தும் இல்லை, இலக்கியமும் இல்லை” என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு.

இன்றைய லத்தீன் எழுத்துமுறையை அதிகாரபூர்வமாக்கியது சோமாலிய அரசே. ஆண்டு 1972, அதாவது விடுதலை பெற்று 12 ஆண்டுகள் கழித்து. அதற்கு வெகுகாலம் முன்பே சமய அறிஞர்கள் அரபு எழுத்தில் சோமாலி மொழியை எழுதினார்கள். 1909இல் மறைந்த ஷேக் உவைஸ் அல்-பராவியின் பக்திப் பாடல்கள் அப்படி எழுதப்பட்டவை. 1920களின் தொடக்கத்தில் சோமாலியரான உஸ்மான் யூசுப் கெனாதித் உருவாக்கிய உஸ்மானியா எழுத்து, கணினிகளுக்கான உலக எழுத்துத் தரப்பட்டியலான யூனிகோடிலேயே இருக்கிறது. யாரும் திறந்து பார்க்கலாம்.

எழுத்து இல்லாவிட்டால் இலக்கியமும் இல்லை என்ற நினைப்புதான் என்னை அதிகம் வருத்துகிறது. ‘கபய்’ என்ற நெடும்பாடலில் அடிதோறும் ஒரே ஒலி மோனையாக வரவேண்டும், முதலடி தொடங்கி கடைசி அடி வரை! மோனை அறிந்த நமக்கு அந்த உழைப்பு புரியும். அவற்றை மனப்பாடமாகவே காத்தார்கள். 1899 முதல் 1920 வரை ஆங்கிலேயரை எதிர்த்த சயித் முகமது அப்துல்லா ஹசனுக்குக் கவிதையும் ஓர் ஆயுதம். ஆங்கிலேயர் அவரைப் ‘பைத்தியக்கார முல்லா’ என்றார்கள். சோமாலியருக்கு அவர் பெருங்கவிஞர். 1854இல் அங்கே பயணம் செய்த ஆங்கிலேயர் ரிச்சர்ட் பர்ட்டனே, நாடெங்கும் கவிஞர்கள் நிறைந்திருப்பதாக 1856இல் வெளிவந்த தன் பயண நூலில் எழுதியிருக்கிறார்.

அந்தச் செய்தி வந்தால் தயவுசெய்து மேலே அனுப்பாதீர்கள். அனுப்பியவரிடம் இந்த விவரங்களைச் சொல்லுங்கள்.