மெக்கார்ட்னி டூ: வெட்டி எறிந்ததில்தான் விஷயம் இருக்கிறது

பீட்டில்ஸ் காலத்தைத் தள்ளி வைத்துவிட்டு, பால் மெக்கார்ட்னியின் ஆல்பங்களில் எது உசத்தி என்று பேச்சு வந்தால் பெரும்பாலானவர்கள் ‘பேண்ட் ஆன் தி ரன்’ என்பார்கள். கொஞ்சம் ஊறிப்போனவர்கள் ‘ராம்’ என்பார்கள். நான் 1980 மே மாதம் வந்த ‘மெக்கார்ட்னி டூ’ என்று சொல்வேன். சொன்னதும் எதிரில் இருப்பவர் முகம் மாறும். வம்புக்குச் சொல்கிறான் என்று நினைப்பார்கள்.

வம்பெல்லாம் இல்லை. ஆனால் இன்று அந்த ஆல்பத்தைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிற கூட்டத்தோடும் எனக்கு ஒத்துப்போகவில்லை. வெளிவந்தபோது பல விமர்சகர்கள் இதைச் சின்னப்பிள்ளைத்தனம் என்று ஒதுக்கினார்கள். இப்போது வருகிறவர்கள் ‘முப்பது வருடத்துக்குப் பின்னால் வரப்போகிற இசையை அன்றே கண்டுவிட்டார்’ என்று தீர்க்கதரிசி ஆக்குகிறார்கள். இரண்டு பேருமே அந்த ஆள் செய்த வேலையைச் சரியாகக் கவனிக்கவில்லை என்பது என் கட்சி.

1979 கோடையில் மெக்கார்ட்னி எந்த இடத்தில் இருந்தார் என்று பாருங்கள். ஜூன் மாதம் 37 வயது முடிந்திருக்கிறது. அதே மாதம் அவருடைய விங்ஸ் குழுவின் ‘பேக் டு தி எக்’ வெளியாகிறது. அதற்காக முந்தைய வருடம்தான் லண்டன் அபே ரோடு ஸ்டுடியோவில் பீட் டவுன்ஷெண்ட், டேவிட் கில்மோர், ஜான் பானம் என்று பிரபல ராக் இசைக்காரர்களின் ஒரு பட்டாளத்தையே ஒன்றாக உட்கார வைத்து ‘ராக்கெஸ்ட்ரா’ என்ற பெயரில் பதிவு செய்திருந்தார். கல்யாணக் கூட்டம் மாதிரி அவ்வளவு பேர். ஆனால் ஆல்பம் எதிர்பார்த்த அளவுக்கு எடுபடவில்லை. அந்த நேரத்தில் பிரிட்டனில் முதலிடத்தைப் பிடித்து உட்கார்ந்திருந்தது கேரி நியூமன் என்ற இருபத்தோரு வயதுப் பையனின் குரலும், கூடவே கனமாக உறுமும் ஒரு சிந்தசைசரும் (மின்சாரத்தில் சத்தத்தை உருவாக்கும் கீபோர்டு). கிட்டார் வைத்திருந்த பெரிய மனிதர்களுக்கெல்லாம் லேசாக வியர்த்த காலம் அது.

மெக்கார்ட்னி என்ன செய்தார்? பதினாறு சத்தங்களைத் தனித்தனித் தடங்களில் பதியக்கூடிய ஸ்டூடர் டேப் மெஷின் ஒன்றைச் சில வாரங்களுக்கு வாடகைக்கு எடுத்தார். சஸெக்ஸில் இருக்கும் தன் பண்ணை வீட்டில் அதை வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்துவிட்டார். அப்புறம் ஸ்காட்லாந்தில் கேம்பல்டவுன் பக்கம் இருக்கும் இன்னொரு பண்ணையிலும் வேலை தொடர்ந்தது. மிக்சர் என்கிற ஒலிக்கலவை மேஜை கிடையாது. மைக்கை நேராக மெஷினின் பின்பக்கத்திலேயே சொருகிவிட்டார். பதிவுக்கூடம் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு விசித்திரம் என்று புரியும். சத்தம் மைக்கிலிருந்து டேப்புக்குப் போகிற வழியில் அதைத் தடவிக்கொடுக்க, வடிகட்ட, அழகுபடுத்த என்று ஒரு பெரிய மேஜையும் அதன் பின்னால் ஒரு இன்ஜினியரும் இருப்பார்கள். அந்த ஆளையும் மேஜையையும் மொத்தமாகத் தூக்கிவிட்டார். டிரம்ஸ் அவரே, பேஸ் அவரே, கீபோர்டு அவரே. எங்காவது மனைவி லிண்டாவின் குரல் மட்டும் பின்னால் வரும்.

முதலில் பதிவானது ‘செக் மை மெஷின்’. பெயரே காரணத்தைச் சொல்லிவிடுகிறது. மெஷின் ஓடுகிறதா என்று பார்க்க ஒரு பாட்டு. ஆரம்பத்தில் ட்வீட்டி, சில்வெஸ்டர் கார்ட்டூன் குரல்கள், பிறகு ஒரே தாளம், ஒரே பேஸ், மேலே கீச்சுக் குரலில் அந்த மூன்று வார்த்தைகளே திரும்பத் திரும்ப. பாட்டு எங்கேயும் போகாது. ‘யெஸ்டர்டே’ எழுதிய ஆள், ஒரு மெட்டுக்கு நடுவில் எங்கே திருப்பம் வைக்க வேண்டும் என்று தூக்கத்திலும் தெரிந்த ஆள், கிட்டத்தட்ட ஆறு நிமிடம் எந்தத் திருப்பமும் இல்லாமல் சும்மா சுற்றிக்கொண்டிருக்கிறார். எனக்கு இதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது. அவருக்குத் தெரிந்த வித்தையை அவரே கீழே வைத்துவிட்டார்.

‘டெம்பரரி செக்ரட்டரி’யை எடுத்துக்கொள்ளுங்கள். ஏஆர்பி நிறுவனத்தின் சீக்வென்சர் ஒன்றில் தொடங்குகிறது. நாம் கொடுத்த சுரங்களை அதுபாட்டுக்குத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டே இருக்கும் கருவி அது. கொதிக்கிற தண்ணீரில் முட்டும் குமிழிகள் போல அந்தச் சுரங்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வரும். அதன்மேல் மூக்கால் பாடுகிற ஒரு குரல். ஒரு ஆபீஸ்காரர் ‘மிஸ்டர் மார்க்ஸ்’ என்பவரிடம் தற்காலிகச் செயலாளர் ஒருத்தியை அனுப்பச் சொல்லிக் கேட்கிறார். ஆல்ஃப்ரட் மார்க்ஸ் பியூரோ என்று அந்தக் காலத்து பிரிட்டனில் ஆட்களை வேலைக்கு அனுப்பும் ஏஜென்சி இருந்தது, அதிலிருந்து எடுத்த பெயர். கேட்கிற தொனியில் லேசான வழிசலும் இருக்கிறது. இந்த ஆளை நம் ஆபீஸ்களிலும் பார்த்திருக்கிறோம். இதில் நான் ரசிப்பது எதை என்றால், மெஷின் துளி பிசகாமல் ஓடிக்கொண்டிருக்க, நடுவில் அவர் அடிக்கிற சாதாரண அகூஸ்டிக் கிட்டாரை. இரண்டும் ஒட்டவே ஒட்டாது. ஒரு தயாரிப்பாளர் பக்கத்தில் இருந்திருந்தால் ‘பால், ஏதாவது ஒன்றை எடுத்துவிடலாம்’ என்று சொல்லியிருப்பார். நல்லவேளை, யாரும் இல்லை.

இதனால்தான் தீர்க்கதரிசி பேச்சை நான் ஏற்பதில்லை. ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க் 1978லேயே ‘தி மேன்-மெஷின்’ போட்டாகிவிட்டது. ஜப்பானில் யெல்லோ மேஜிக் ஆர்கெஸ்ட்ரா வந்துவிட்டது. சிந்தசைசரில் மெக்கார்ட்னி முன்னோடி கிடையாது, சற்றுத் தாமதமாக வந்தவர்தான். ஆனால் அவர்களுக்கு மெஷின் ஒரு கொள்கை. முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, மனிதக் கை பட்ட தடமே தெரியாமல் வாசிப்பார்கள். இவருக்கு அது விளையாட்டுச் சாமான். ‘ஃப்ரண்ட் பார்லர்’ என்று குரலே இல்லாத ஒரு வாத்தியத் துண்டு இருக்கிறது. வீட்டின் முன்னறையில் பதிந்ததால் அந்தப் பெயர். அதில் கீபோர்டு மெட்டு அங்கங்கே தடுமாறுவது போலவே இருக்கும். சரிசெய்யவில்லை, அப்படியே விட்டுவிட்டார். இன்று அறையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு பாட்டுப் போடும் பிள்ளைகளுக்கு இந்த ஆல்பம் நெருக்கமாக இருப்பதற்குக் காரணம் அந்த விட்டுவிட்ட தன்மைதான்.

இனி என் மனக்குறைக்கு வருகிறேன். இருபது பாடல் அளவுக்குச் சேர்ந்திருந்தது. முதலில் இரட்டை ஆல்பமாகத்தான் யோசித்திருக்கிறார். கடைசியில் பதினொன்றாகக் குறைந்தது. குறைத்ததில் தப்பில்லை, எதைக் குறைத்தார் என்பதில்தான் எனக்குச் சண்டை. ‘சீக்ரெட் ஃப்ரெண்ட்’ பத்து நிமிடத்துக்கும் மேல் ஓடும். மென்மையான தாளம் ஒன்று நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும், அதன்மேல் குரல் தூரத்திலிருந்து மிதந்து வரும். அவர் வாழ்க்கையில் செய்த வினோதமான காரியங்களில் ஒன்று. அதைத் தூக்கி ‘டெம்பரரி செக்ரட்டரி’ பன்னிரண்டு அங்குல இசைத்தட்டின் பின்பக்கத்தில் போட்டுவிட்டார். ‘செக் மை மெஷின்’ இன்னொரு சிங்கிளின் பின்பக்கத்துக்குப் போனது. அதே சமயம் ‘ஆன் தி வே’ என்ற அரைத்தூக்க ப்ளூஸ் உள்ளே இருக்கிறது. ‘நோபடி நோஸ்’ இருக்கிறது, யாரும் எப்போதும் செய்யக்கூடிய பாட்டு. ‘போகி மியூசிக்’ இருக்கிறது. குழந்தைகளுக்கான ஒரு படக்கதைப் புத்தகத்தைப் பார்த்து எழுதியது. புத்தகம் நன்றாகத்தான் இருக்கும்.

பயந்துவிட்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. தனியாக இருக்கும்போது வந்த துணிச்சல், கடைக்கு அனுப்பும்போது கொஞ்சம் கரைந்துவிட்டது. பழக்கமான பாட்டு நாலைந்து இருந்தால் ரசிகன் மிரள மாட்டான் என்ற கணக்கு.

இடையில் ஜப்பான் சமாச்சாரம் வேறு. 1980 ஜனவரி 16 அன்று விங்ஸ் கச்சேரிகளுக்காக நரிட்டா விமான நிலையத்தில் இறங்கியவரின் பெட்டியில் கஞ்சா இருந்தது. ஒன்பது இரவுகள் சிறை, கச்சேரிகள் ரத்து, அத்தோடு விங்ஸும் ஏறக்குறைய முடிந்தது. ஆல்பத்தில் ‘ஃப்ரோஸன் ஜாப்’ என்று ஒரு வாத்தியத் துண்டு உண்டு. ஜப்பானியர்களை இழிவாகச் சொல்லும் வார்த்தை. சிறைக்குப் போன கோபத்தில் வைத்த பெயர் என்று பலர் நம்பினார்கள். பதிவானதோ அதற்கு முந்தைய கோடையில். ஜப்பான் வெளியீட்டில் ‘ஃப்ரோஸன் ஜாப்பனீஸ்’ என்று மாற்றினார்கள். கோபம் இல்லை என்பது சரி, ஆனால் எந்தக் காலத்திலும் வைக்கத் தகாத பெயர். மெட்டு என்னவோ அருமை.

‘கமிங் அப்’ பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. டேப் வேகத்தை மாற்றித் தன் குரலையே வேறு யாரோ போல ஆக்கியிருப்பார். பிரிட்டனில் இரண்டாம் இடம் வரை போனது. ஆனால் அமெரிக்க வானொலிகளுக்கு அந்தக் குரல் பிடிக்கவில்லை. 1979 டிசம்பரில் கிளாஸ்கோவில் விங்ஸ் மேடையில் வாசித்த வடிவத்தைப் போட்டார்கள், அது முதலிடம் பிடித்தது. பழைய பீட்டில்ஸ் கூட்டாளி ஜான் லெனன் மட்டும் ஒரு பேட்டியில், பண்ணையில் பதிந்த அந்தக் கிறுக்கு வடிவம்தான் தனக்கு அதிகம் பிடித்தது என்ற அர்த்தத்தில் சொன்னார். பத்து வருடம் முட்டிக்கொண்ட நண்பன் சரியாகக் காதைத் தீட்டி வைத்திருக்கிறான் பாருங்கள். அதே வருடம் ஆகஸ்டில் லெனனும் ஐந்து வருட ஓய்வை முடித்துக்கொண்டு ஸ்டுடியோவுக்குப் போனார்.

‘வாட்டர்ஃபால்ஸ்’ தனிக் கதை. எலக்ட்ரிக் பியானோ, சிந்தசைசரில் வரும் மலிவான வயலின் சத்தம், அவ்வளவுதான். ஆபத்தை நாடிப் போகாதே என்று அன்பானவரிடம் கெஞ்சுகிற பாட்டு. நிஜ வயலின் கோஷ்டியை வைத்திருந்தால் கல்யாண வீடியோக்களில் இன்றும் ஓடியிருக்கும். எனக்கு அந்தப் பொய் வயலின்தான் வேண்டும். காசு செலவழிக்காத பாட்டில்தான் பயம் இவ்வளவு நிஜமாகக் கேட்கிறது. பிரிட்டனில் ஒன்பதாம் இடம், அமெரிக்காவில் முதல் நூறுக்குள்ளேயே வரவில்லை.

இத்தனைக்கும் ஆல்பம் தோற்கவில்லை. பிரிட்டனில் முதலிடம், அமெரிக்காவில் மூன்றாமிடம். ஆனாலும் அடுத்து பீட்டில்ஸ் காலத்துத் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினை மீண்டும் அழைத்து 1982இல் ‘டக் ஆஃப் வார்’ போட்டார். மெருகு திரும்பிவிட்டது. நல்ல ஆல்பம்தான், எதிலும் குறை இல்லை, நான் அதிகம் போடுவதில்லை. ‘டெம்பரரி செக்ரட்டரி’யை முதல்முறையாக மேடையில் பாட அவருக்கு 2015 வரை ஆனது. லண்டன் ஓ2 அரங்கில், 72 வயதில்.

அப்புறம் ஒன்று. இந்தப் பதிவுகளில் ஒன்றை நீங்கள் கட்டாயம் கேட்டிருப்பீர்கள். டிசம்பரில் எந்த மாலுக்குள் நுழைந்தாலும் காதில் விழுகிற ‘ஒண்டர்ஃபுல் கிறிஸ்மஸ்டைம்’ இதே கோடையில் இதே பண்ணை வேலையில் பதிந்ததுதான். அந்த ‘ப்வொய்ங்’ சத்தத்தைத் திட்டிக்கொண்டே மெட்டை முணுமுணுத்திருப்பீர்கள்.

கேட்க நினைப்பவர்கள் 1980 வடிவத்தோடு நிறுத்தாதீர்கள். 2011 மறுவெளியீட்டில் வெட்டிய பாடல்களும் இருக்கின்றன. ‘செக் மை மெஷின்’, ‘டெம்பரரி செக்ரட்டரி’, ‘ஃப்ரண்ட் பார்லர்’, ‘வாட்டர்ஃபால்ஸ்’, ‘டார்க்ரூம்’, கடைசியில் ‘சீக்ரெட் ஃப்ரெண்ட்’ என்று போட்டுப் பாருங்கள். ‘போகி மியூசிக்’ வந்தால் யோசிக்காமல் தாண்டிவிடுங்கள். அதற்கும் ரசிகர்கள் இருக்கிறார்கள் என்று தெரியும், கமெண்டில் வந்து சண்டை போடலாம்.