அந்த அக்காவுக்கு வலித்தது நிஜம்

ஞாயிற்றுக்கிழமை மும்பை மாட்டுங்காவில் நடந்த மருத்துவ முகாமின் வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அக்குபஞ்சர் (உடலில் மெல்லிய ஊசிகள் குத்தும் சிகிச்சை) போட்ட பிறகு வயிற்று வலி கொஞ்சம் அடங்கியது என்று அந்த அக்கா சொன்னார். "எல்லாம் மனப்பிரமைம்மா" என்று டாக்டர் சிரித்தார். கூட்டமும் சேர்ந்து சிரித்தது. எனக்கு இரண்டு நாளாக மனசே ஆறவில்லை.

ஊசி வேலை செய்ததா என்பது ஒரு கேள்வி. வலித்ததா என்பது வேறு கேள்வி. அவருக்கு வலித்தது.

எனக்கும் ஐபிஎஸ்தான் (IBS, அடிக்கடி வயிற்று வலியும் மலம் கழிப்பதில் தொல்லையும் தரும் குடல் கோளாறு), 11 வருடமாக. டோம்பிவிலியிலிருந்து லோக்கல் ரயிலில் வேலைக்குப் போகிறேன். அந்த வண்டியில் கழிப்பறை கிடையாது. முலுண்ட் தாண்டும்போது அடிவயிறு முறுக்க ஆரம்பிக்கும். மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு, காட்கோபரில் கழிப்பறை எந்தப் பக்கம் என்பதை மட்டுமே நினைத்து நின்றிருக்கிறேன். இதுவும் பிரமையா? கொலோனோஸ்கோபி (குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் சோதனை) பார்த்த டாக்டர் "நார்மல், டென்ஷன் ஆகாதீங்க" என்று இரண்டு நிமிடத்தில் ஃபைலை மூடினார். ஐபிஎஸ்ஸில் குடலில் புண் தெரியாது. குடலும் மூளையும் பேசிக்கொள்வதில் வரும் கோளாறு அது. நார்மல் என்றால் வலி இல்லை என்று அர்த்தமில்லை.

அறிவியல் தெரியாமல் பேசுகிறேன் என்பீர்கள். சரி, பல மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் 2012 ஆய்வுத் தொகுப்பு, போலி ஊசியோடு (நிஜ சிகிச்சை போலக் காட்டும் ஊசி) ஒப்பிட்டால் நிஜ ஊசிக்குக் கூடுதல் பலன் தெரியவில்லை என்றது. ஒப்புக்கொள்கிறேன். 2008-ல் பாஸ்டனில் டெட் கப்சுக் என்ற ஆய்வாளரின் குழு ஐபிஎஸ் உள்ள 262 பேரிடம் செய்த சோதனையையும் படியுங்கள். எல்லாமே போலி ஊசிதான். சிகிச்சை இல்லாமல் காத்திருந்தவர்களில் 28 சதவீதம் பேருக்கு 3 வாரத்தில் போதிய நிவாரணம். பேச்சில்லாமல் போலி ஊசி மட்டும் போட்டால் 44. முதல் நாளே 45 நிமிடம் உட்கார்ந்து கனிவாகக் கேட்டுவிட்டுப் போட்டால் 62! நமக்குக் கிடைப்பது இரண்டு நிமிடம்.

ஊசிக்காரருக்கு விளம்பரமா என்று கேட்காதீர்கள். மாத்திரையைத் தூக்கிப் போடு என்பவரிடம் போகவே கூடாது. மலத்தில் ரத்தம் வந்தாலோ, காரணமில்லாமல் எடை குறைந்தாலோ நேரே ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். அதற்காக, வலியோடு வந்தவரைப் பார்த்துச் சிரிக்கலாமா? நாலு பேர் முன்னால் வயிற்றுக்கோளாறைச் சொல்ல ஒரு பெண்ணுக்கு எவ்வளவு தைரியம் வேண்டும்!

வீடியோவில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். அக்கா மைக்கைத் திருப்பிக் கொடுத்தார். தண்ணீர் பாட்டிலைப் பைக்குள் வைத்தார். சாப்பாட்டுப் பந்திக்குப் போகாமல் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். நான் இரண்டு வரிசை பின்னால்தான் உட்கார்ந்திருந்தேன். எழுந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.