செக்குமாடு கம்ப்யூட்டர்

ஞாயிற்றுக்கிழமை காலை, மின்கட்டணம் கட்டலாம் என்று கம்ப்யூட்டரை ஆன் செய்தேன். ஃபேன் சுற்றியது, லோகோ வந்தது, பொசுக்கென்று கறுத்தது. மறுபடி லோகோ. மறுபடி கறுப்பு. செக்குமாடு தோற்றது போங்கள்.

நடுவில் நீலத் திரையில் ஏதோ பிழைச் செய்தி எட்டிப் பார்க்கிறது. மூக்குக்கண்ணாடியைத் தேடி மாட்டுவதற்குள் ஓடிவிடுகிறது. படிக்க விடாத செய்தியை எதற்குக் காட்டுவானேன்?

பல தடவை இப்படி விழுந்த பிறகு ரிப்பேர் திரை தானாக வந்தது. அமுக்கினேன். அரை மணி நேரம் யோசித்துவிட்டு, 'சரிசெய்ய முடியவில்லை' என்றது. இதைச் சொல்லவா அரை மணி நேரம்? அத்தியாவசியமானவற்றை மட்டும் வைத்துத் திறக்கும் சேஃப் மோடிலும் அதே கதை.

கடைக்கு போன் செய்தால், பெட்டியைப் பார்க்காமலே தீர்ப்பு: "கம்ப்யூட்டரை ஓட்டுற ஓ.எஸ். திரும்பப் போடணும் சார், ஃபைல் எல்லாம் போயிடும்." பத்து வருஷ போட்டோ இருக்கிறது ஐயா அதில்!

சேஃப் மோடிலும் விழுந்தால் ஹார்டுவேரையும் சந்தேகிக்க வேண்டும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு மூடியைக் கழற்றினேன். உள்ளே ஒரு தலையணைக்கு ஆகும் தூசி. ராம் என்ற மெமரிப் பலகையை உருவி, அதன் தங்க நிறப் பற்களை மகளின் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, 'டக்' என்று சத்தம் வரும்வரை அழுத்திச் செருகினேன். அவ்வளவுதான், ஆன் ஆகிவிட்டது.

அப்புறம் மூலையில் ஒரு அறிவிப்பு: அப்டேட் தயாராம், ரீஸ்டார்ட் செய்யட்டுமா என்று கேட்கிறது.