பையன் பெயர் எதற்கு? சிறைக் கணக்கைக் கேளுங்கள்

தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கத்துச் சாட்ஸ்வர்த்திலோ ஃபீனிக்ஸிலோ ஒரு பையன் கைதானால், போலீஸ் வண்டி தெருமுனையைத் தாண்டுவதற்குள் அவன் படம் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிடுகிறது. கூடவே அப்பா பெயர், வீட்டு எண். கேட்டால் "மக்களுக்குத் தெரியணும்" என்கிறார்கள்.

குற்றம் சாட்டப்பட்ட 18 வயதுக்குட்பட்டவரை அடையாளம் காட்டக்கூடிய எதையும், எந்த வகையிலும், யாரும் வெளியிடக்கூடாது. குற்றவியல் நடைமுறைச் சட்டம், பிரிவு 154(3). பெயரை அழித்துவிட்டுப் பள்ளிச் சீருடையோடு படம் போட்டாலும் அதே தப்புதான். 18 முடிந்ததும் இந்தப் பாதுகாப்பு போய்விடாது என்று அரசியலமைப்பு நீதிமன்றம் 2019 டிசம்பரில் சொல்லிவிட்டது.

"பெரிய குற்றம், பெரியவனாகவே விசாரிக்கட்டும்" என்ற பேச்சும் அடிபடுகிறது. அமெரிக்காவில் அப்படி மாற்ற வழி உண்டு, இங்கே கிடையாது. கொலை வழக்கு உயர் நீதிமன்றத்துக்கே போனாலும் 2008ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டப்படிதான் நடக்கும். தண்டனை 25 ஆண்டுவரை போகலாம்.

ஆனாலும் பையன் பெரியவனாகிவிடும் இடம் ஒன்று உண்டு: காவல் ஆணையில் எழுதும் வயது. பிறப்புச் சான்று கையில் இல்லாத நேரத்தில் 16ஐ 18 என்று எழுதிவிட்டால், பெரியவர்கள் இருக்கும் அறைக்கே போவான். வயதில் சந்தேகம் வந்தால் நன்னடத்தை அதிகாரி மதிப்பிட வேண்டும், மாஜிஸ்திரேட் முடிவு செய்ய வேண்டும். பெற்றோர் வாக்குமூலம், பள்ளிச் சான்று எல்லாமே செல்லும். கைதான 48 மணி நேரத்துக்குள் முதற்கட்ட விசாரணை நடக்கும். அம்மாமார்களே, அதற்குள் பள்ளிச் சேர்க்கைத் தாளையாவது தேடி எடுத்துக் கொடுத்துவிடுங்கள்.

சிறார் கோர்ட்டில் வெளியாள் அனுமதியில்லாமல் உட்கார முடியாது. அது நியாயம். ஆகவே உள்ளே நடப்பது வெளியே தெரிய எண்ணிக்கைகளை விட்டால் வழியில்லை. ஒவ்வொரு சிறையிலும் தீர்ப்புக்குக் காத்திருக்கும் சிறார் எத்தனை பேர்? விசாரணை தொடங்காத வழக்கில், சிறையில் இருக்கும் பிள்ளைக்கு ஒரு தடவை 14 நாளுக்கு மேல் வாய்தா கொடுக்கக்கூடாது. அது எத்தனை தடவை மீறப்பட்டது? வயதுத் தகராறு எத்தனை? சட்டம் கேட்கும் ஆண்டறிக்கைகள் நாடாளுமன்றத்துக்குப் போகின்றன, ஆனால் நாட்டு மொத்தத்தை வைத்துக்கொண்டு டர்பனின் வெஸ்ட்வில் சிறையில் என்ன நடக்கிறது என்று சொல்ல முடியாது.

இந்த எண்ணிக்கைகளைப் பெற, தகவல் பெறும் சட்டத்தில் (PAIA) விண்ணப்பப் படிவம் 2 போடுங்கள். "சிறார் பற்றி எல்லாத் தகவலும்" என்று எழுதினால் தள்ளிவிடுவார்கள். அந்தச் சட்டம் இருக்கிற ஆவணத்தைத்தான் தரும், கேள்விக்குப் பதில் தராது. சிறையில் தினமும் காலையில் கதவு திறந்து தலை எண்ணுகிறார்கள், அதை 'அன்லாக்' என்பார்கள். அந்தப் பதிவில் மாதத்தின் கடைசி நாள் எண்ணிக்கையை, 18 வயதுக்குட்பட்டவர் தனியாக, ஒரு வருடத்துக்குக் கேளுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் மறுத்ததாகவே அர்த்தம். உடனே மேல்முறையீடு செய்யலாம், அதற்கு 60 நாள் அவகாசம்.

மூன்று நான்கு பிள்ளைகள் மட்டும் இருக்கும் சிறைக்கு வயது, குற்றம், இனம் என்று பிரித்துக் கேட்காதீர்கள். யார் வீட்டுப் பையன் என்று தெரு முழுக்கத் தெரிந்துவிடும். அங்கே மாகாண மொத்தம் போதும்.