ஸ்டென்ட் வைத்தவர்கள் ஒரு மாதத்தில் மாத்திரையை நிறுத்தலாமா?

சேலம் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு குரல் பதிவு சுற்றுகிறது. ஸ்டென்ட் (அடைத்த இதய ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் சிறு கம்பி வலைக் குழாய்) வைத்து ஒரு மாதம் கழித்தும் ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரையைப் போட்டால் கம்பி துருப்பிடிக்குமாம். சிகிச்சைக்கு ஒப்புதல் கையெழுத்து போட்டாச்சு, இனி மருத்துவமனை மேல் வழக்கும் போட முடியாதாம். இரண்டும் தவறு.

துரு கதையைச் சட்டென்று முடித்துவிடலாம். இப்போதைய ஸ்டென்ட்கள் பெரும்பாலும் கோபால்ட்-குரோமியம் கலவை, துருப்பிடிக்காது. ஆபத்து மாத்திரையை விடுவதில்தான். ரத்தக்குழாயின் உள்தோல் கம்பியை மூடி வளர மாதங்கள் ஆகும். அதற்குள் நிறுத்தினால் ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்து மாரடைப்பு வரலாம். பெரும்பாலானோருக்கு ரத்தம் உறையாமல் தடுக்கும் இரண்டு மாத்திரைகள் 6 முதல் 12 மாதம் வரை, அப்புறம் ஆஸ்பிரின் மாதிரி ஒன்று தொடரும். ரத்தக்கசிவு அபாயம் உள்ளவர்களுக்குக் காலம் குறையலாம். அதை முடிவு செய்வது இதய மருத்துவர். அம்மாபேட்டையில் என் பெரியப்பா பல் பிடுங்குவதற்காகத் தானே நிறுத்தப் பார்த்தார். நல்லவேளை, பல் டாக்டரே தடுத்துவிட்டார்.

சரி, சட்டம்? ஒப்புதல் கையெழுத்து அலட்சியத்துக்கு அனுமதிச்சீட்டு அல்ல. கட்டணச் சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. சேலத்திலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2 ஆண்டுக்குள் புகார் தர வேண்டும். ஸ்டென்ட் விலைக்கும் 2017 முதல் அரசு உச்சவரம்பு உண்டு. பில்லில் ஸ்டென்ட் விலை தனியாக இருக்கிறதா பாருங்கள். டிஸ்சார்ஜ் தாளில் ஒட்டியிருக்கும் ஸ்டென்ட் ஸ்டிக்கரைக் கிழித்துவிடாதீர்கள். தயாரிப்பு எண் அதில்தான் இருக்கும்.