தேதியை மாற்ற விடுங்களேன்!

ஒரு பழைய நிரல் 2038 ஜனவரி 19-ஐத் தாண்டுமா என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். நேரத்தை நொடி நொடியாக எண்ணும் 32 பிட் கணக்கு அன்று, யுடிசி என்கிற உலகப் பொது நேரப்படி 03:14:07-க்கு மேல் எண்ண இடமில்லாமல் 1901-இல் போய்க் குப்புற விழும். நிஜக் கணினியில் தேதியை மாற்றிக் கையைச் சுட்டுக்கொள்வானேன் என்று அதற்குள்ளேயே மென்பொருளாக ஓடும் ஒரு மெய்நிகர் கணினியை எழுப்பி, அதில் மாற்றினேன். காபி எடுத்து வருவதற்குள் இன்றைய தேதி!

சரி, வலையமைப்பு வழியாக நேரத்தைச் சரிசெய்யும் என்டிபியின் வேலையாக இருக்கும் என்று அதை நிறுத்திவிட்டு மறுபடி மாற்றினேன். மறுபடியும் இன்று. அப்புறம்தான் புரிந்தது. திரை அளவு ஒழுங்காக வரட்டுமே என்று உள்ளே நிறுவிய துணைக் கருவித்தொகுப்பு, வெளியே உள்ள கணினியின் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து இதைத் திருத்திக்கொண்டே இருக்கிறது. நான் கேட்டேனா? அதை நிறுத்த அமைப்புப் பக்கத்தில் ஒரு பொத்தான்கூட இல்லை; முழ நீளக் கட்டளை ஒன்றைத் தேடிப் பிடித்துத் தட்ட வேண்டும்.

இதில் வேடிக்கை, நேரம் சரியாக இருந்தே ஆக வேண்டிய இன்னொரு மெய்நிகர் கணினி இருக்கிறது. இரவு மடிக்கணினியை மூடி வைத்தால், காலையிலும் அது நேற்றிரவிலேயே நிற்கிறது. அதைத் திருத்த மட்டும் யாரும் வருவதில்லை!